நின்றவர்கள் மட்டும் தெரிகிற படம்

படத்தின் நடுவே ஒரு வெள்ளைக் கிறுக்கல். நன்றாக நினைவிருக்கிறது. வலப்பக்கம் வெள்ளைக் கோடுகள், இடப்பக்கம் சிவப்புக் கோடுகள், இரண்டுக்கும் நடுவே கறுப்பாகச் சாலையின் நடுத்திட்டு, மீடியன், மேலே இன்னும் முழுதாக இருட்டாத கருநீல வானம். ஒரு மாதம் அலைந்து கிடைத்த இடம், வானம். எல்லாம் கூடிவந்து, ஷட்டர் திறந்திருக்க வேண்டிய முப்பது விநாடியில் இருபத்தைந்து விநாடி ஓடி முடிந்த நேரத்தில், யாரோ செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டே கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். குழந்தை சுவரில் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு கோணல் கோடு, படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரைபாடோடு கேமராவைத் தூக்கிக் கீழே எறிந்திருப்பேன். டிரைபாடு இரவல் வாங்கியது என்பதால் எறியவில்லை.

“இன்னாப்பா பண்ணிகினு கீற இங்க? யார கேட்டு மாடி ஏறின?” என்றது டார்ச்சுக்குப் பின்னால் இருந்த குரல். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மாள். இடுப்பில் காலி அன்னக்கூடை, முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார், மீன் வாடை. கீழே இருக்கும் பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன் என்றேன். படம் போன கடுப்பில் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கேமராவின் பின்திரையில் குனிந்து பார்த்தார். “ரோடு நம்ம ரோடுதான். வண்டி எங்க? ஒரு வண்டியயும் காணோமே?” ஓடுகிற வண்டி படத்தில் தங்காது, அதன் விளக்கு மட்டும் கோடாக விழும், அசையாமல் இருப்பதுதான் உருவமாகத் தெரியும் என்று வேண்டாவெறுப்பாக விளக்கினேன். “அப்போ ஓடறவன் தெரிய மாட்டான். நிக்கிறவன் தெரிவான். அதானே?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், “நல்லா கீது போ உன் பொட்டி” என்று இறங்கிப் போனார்.

செங்கல்பட்டில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. நாள் முழுக்க “தாடைய கொஞ்சம் இறக்குங்க, கண்ணச் சிமிட்டாதீங்க” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன காலத்தில்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. மாலையில் கடையைப் பூட்டிவிட்டுச் சாலைக்குப் போய்விடுவேன். முதலில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிப்போகும் கம்பெனிப் பேருந்துகளின் விளக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேமராவை ஆடாமல் நிறுத்தி, ஷட்டரை அரை நிமிடம், ஒரு நிமிடம் திறந்துவைத்தால், லாரி, பஸ், கார் எல்லாம் கரைந்து போய் சாலை முழுக்க வெளிச்ச நூல் மட்டும் மிஞ்சும். யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டாம், நில் என்று கெஞ்ச வேண்டாம். அந்த நிம்மதிக்காகவே போனேன். சென்னையில் நடக்கப்போகும் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு ஒரு நல்ல படம் அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. அதற்குக் கடல் பக்கத்து வானம் வேண்டும் என்றுதான் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், அந்தப் பஞ்சர் கடை மாடிக்கு வந்து சேர்ந்தேன்.

டார்ச்சோடு வந்தவர் எதிரே இருக்கும் குப்பத்தின் வார்டு மெம்பர். ஊரே அவரை மெம்பரக்கா என்றுதான் கூப்பிடும். மெம்பர் ஆனதால் அவருடைய வேலை மாறிவிடவில்லை. காலையில் மீன் எடுத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் போய் விற்றுவிட்டு, மாலை பஸ்ஸில் மற்றப் பெண்களோடு திரும்பி வருவார். பஸ் நிற்பது சாலைக்கு மேற்கே. வீடு சாலைக்குக் கிழக்கே, கடலோரம். நடுவில் இந்தச் சாலை. மீடியனில் ஆள் கடக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாகத்தான் இருபது இருபத்தைந்து பெண்கள் தினமும் கூடையோடு கடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் அவ்வளவுதான். மாமல்லபுரம் பார்த்துவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிற கார்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு பறக்கும். அக்காவின் ஓரகத்தியை அங்கேதான் ஒரு கார் அடித்துத் தள்ளியிருந்தது. உயிர் பிழைத்தார். இடுப்பு பிழைக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு சிக்னல் வேண்டும், இல்லையென்றால் வண்டி வேகத்தைக் குறைக்க இரண்டு இரும்புத் தடுப்பாவது வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான். எத்தனையோ மனு கொடுத்துவிட்டார். செங்கல்பட்டில் இருக்கிற ஓர் அலுவலகம், பெயர் எதற்கு, ஒவ்வொரு முறையும் “ஆதாரம் இருந்தா கொண்டாங்கம்மா” என்று திருப்பி அனுப்பியது. செல்போனில் எடுத்துக்கொண்டு போன படத்தில் இரண்டு ஹெட்லைட்டும் இருட்டும் தவிர ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் மாடிக்கு வந்தபோது அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். “ஸ்டுடியோ, உன் பொட்டியில எங்க ரோட்ட புடிச்சி குடு. எவ்ளோ வண்டி போவுதுன்னு அவனுங்க பாக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து இன்று வரை எனக்குப் பெயர் ஸ்டுடியோதான். சரி என்றேன். எப்படியும் அங்கேதான் நிற்கப்போகிறேன், ஒரு படம் எனக்கு, ஒரு படம் அவருக்கு, இதில் என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரமும் அந்தப் பெண்களை நான் ஓரமாகப் போகச் சொன்னேன். பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையோரம் கூட்டமாக நிற்பார்கள், படத்தின் வலது மூலையில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழும். கோடுகளின் அழகு கெடும். மாடியிலிருந்து கத்துவேன்: “அம்மா, கொஞ்சம் கடைக்குப் பின்னால போய் நில்லுங்கம்மா, ஒரே நிமிஷம்!” பாவம், போய் நின்றார்கள். நாள் முழுக்கக் கூடை சுமந்த பெண்கள், எனக்காகப் பஞ்சர் கடைப் பழைய டயர்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். அவர்களுடைய ஆபத்தைப் படம் பிடிக்க வந்தவன் அவர்களையே படத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னிக்கி நவுர மாட்டோம். நீ உன் வேலய பாரு, நாங்க எங்க வேலய பாக்கறோம்” என்று கீழே இருந்தே குரல் கொடுத்தார். நான் எரிச்சலில், இவர்கள் கடந்து போய்விட்டால் உருவம் தானாகக் கரைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, லென்சுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஷட்டரை நான்கு நிமிடம் திறந்துவைத்தேன். நான்கு நிமிடத்தில் போய்விட மாட்டார்களா? மூடியதும் திரையைப் பார்த்தேன். கரையவில்லை. சாலையோரம் பதினாறு பேர், மீடியன் இடைவெளியில் இரண்டு பேர், கொஞ்சம் மங்கலாக, ஆனால் எண்ணிவிடலாம். மீடியனில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் மெம்பரக்கா, இடுப்பில் கூடையோடு. ச்சை, இதுவும் போச்சு என்று அழிக்கப் போனேன். அதற்குள் மீடியனிலிருந்து திரும்பி மேலே வந்துவிட்ட அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி நேரம் தொறந்து வெச்ச?”

“நாலு நிமிஷம்க்கா.”

“நாலு நிமிஷமும் நாங்க அங்கியே கீறோம் பாரு. ஓடறவன் தெரிய மாட்டான்னு நீதான சொன்ன? நாங்க தெரியறோம்னா, எங்களால ஒரு அடி எடுத்து வெக்க முடியலன்னுதான அர்த்தம்? இதாம்ப்பா ஆதாரம். அழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்.”

பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். கோடுகளைப் பார்க்கத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கோடுகளை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, கோடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிற ஆட்களைப் பார்த்தார். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். இவ்வளவு தெளிவான ஒன்றைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் இல்லை என்று சொல்ல முடியாது என்று நானே அக்காவிடம் அடித்துச் சொன்னேன். என் வாய் அப்படி.

படத்தோடு நாங்கள் போய்ப் பார்த்த அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். எழுந்து நின்று படத்தை வாங்கினார், ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “என்னம்மா, ரோடு காலியா இருக்கே?” என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் தொடங்கினேன். ஷட்டர், நேரம், ஏன் வண்டி தெரியாது, ஏன் விளக்கு தெரியும், ஏன் நிற்கிறவர் மட்டும் தெரிவார், எல்லாம் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார், அவர் மகள்கூட ஒரு கேமரா கேட்டுக்கொண்டிருக்கிறாளாம், எது நல்லது என்று விசாரித்தார். நான் உற்சாகமாகிவிட்டேன். லென்ஸைப் பற்றியெல்லாம் பேசினேன். அக்கா நடுவில் இரண்டு முறை “சார், அந்த சிக்னலு” என்று ஆரம்பித்தார். கடைசியில் அதிகாரி படத்தை மறுபடி பார்த்துவிட்டு, “ஆனா எல்லாரும் ஓரமா ஒழுங்கா நிக்கிறாங்களேம்மா. யாரும் குறுக்க ஓடல. இதுல ஆபத்து எங்க இருக்கு?” என்று கேட்டார். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. பிறகு, “படம் பிரமாதம் சார். இதை இங்க மாட்டிக்கலாமா?” என்றார். நான் தலையாட்டினேன். சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “உன் படம் அவருக்கு புடிச்சிபோச்சி ஸ்டுடியோ. எங்க கஷ்டந்தான் புடிபடல” என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை, அலுப்பில் சொன்னார். குத்தியிருந்தால் தேவலை. சமாளிப்பாக நான் ஏதோ சொன்னேன், பார்க்கலாம்க்கா, ஃபைல் போயிருக்கிறது, ஏதாவது நடக்கும் என்று.

நடந்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் கிரேன் வந்து, மீடியன் இடைவெளியில் இடுப்புயரக் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக இறக்கி அடைத்துவிட்டுப் போனது. பக்கத்தில் ‘இங்கே கடக்காதீர்’ என்று ஒரு பலகை. அதற்கு அடுத்த வாரம் அக்காவுக்குத் தபால் வந்தது. எனக்குப் போன் செய்து, ஒரு வார்த்தை விடாமல் அவரே படித்துக் காட்டினார்: ‘மனுதாரர் அளித்த புகைப்படத்தில் பொதுமக்கள் அதிக எண்ணிக்கையில் மேற்படி இடைவெளியின் அருகே கூடி நிற்பது தெளிவாகத் தெரிய வருவதால், அவர்தம் பாதுகாப்பு கருதி மேற்படி இடைவெளி மூடப்பட்டுள்ளது என்பது தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ படித்து முடித்துவிட்டு, “தெளிவாதான் தெரிஞ்சிகீது பாரு” என்றார். நான் கடையில் ஒரு கைக்குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அன்று யாரையும் எடுக்க முடியவில்லை.

அடுத்த திருப்பத்தில் கடக்க வேண்டுமென்றால் ஒன்றரை கிலோமீட்டர் போய், ஒன்றரை கிலோமீட்டர் வர வேண்டும். காலையிலிருந்து நின்றே விற்ற பெண்கள், இருட்டில், நடைபாதை இல்லாத சாலையில் எதற்குப் போவார்கள்? கட்டையின் மேல் ஏறிக் குதித்தார்கள். முதலில் கூடையைக் கட்டைமேல் வைத்து, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, வண்டி வராத நொடி பார்த்து இறங்க வேண்டும். முன்பு இரண்டு சாலைக்கும் நடுவே நின்று மூச்சு வாங்க ஓர் இடமாவது இருந்தது. என் படம் அதையும் பிடுங்கிவிட்டது. நான் அந்த அலுவலகத்துக்கு மறுபடி போனேன். சண்டை போடத்தான் போனேன். அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டம் போட்டு, என் படம் தொங்கியது. அவர் எழுந்து கை கொடுத்தார், வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றார். இடைவெளியை அடைத்தது தப்பு என்றேன். “நீங்க கொடுத்த ஆதாரந்தானே சார்?” என்றார். படத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது ஃபைலில் சேர்ந்துவிட்டது, கொடுக்க முடியாது என்றார். போதுமா?

அதற்கு மேல் எனக்கு வெறியே பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த முறை யாரும் திரித்துச் சொல்ல முடியாத ஒரு படம் எடுக்கிறேன் என்று கண்காட்சியை எல்லாம் மறந்துவிட்டு, ஞாயிறுதோறும் மாடியில் போய் நின்றேன். ஆனால் கட்டை ஏறுகிறவர்கள் அசைகிறவர்கள், படத்தில் தங்க மாட்டார்கள். ஷட்டர் நேரத்தைக் குறைத்தால் ஆள் தெரிவார், வண்டிகளின் ஓட்டம் தெரியாது. கூட்டினால் ஓட்டம் தெரியும், ஆள் போய்விடுவார். இந்த இழுபறியில் நான்கைந்து வாரம் போனது. வீடியோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் தம்பியும் கேட்டான். அப்போது எனக்கு என் வித்தைதான் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. வேறு காரணம் இல்லை.

அந்த ஞாயிறு பஸ் தாமதம். ஏழு மணி தாண்டிவிட்டது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகக் கடந்து கிழக்கே போய்விட்டார்கள், அக்காதான் கடைசி. எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் அவர் வருவார். கட்டைமேல் ஏறி ஒரு காலை அந்தப் பக்கம் போட்டதும் நான் ஷட்டரைத் திறந்தேன். முப்பது விநாடி. மூன்றாவது விநாடியிலோ நான்காவது விநாடியிலோ அவர் புடவை எதிலோ மாட்டி இழுக்க, அப்படியே அந்தப் பக்கம் விழுந்தார். தெற்கே போகிற வண்டிகளின் பாதையில், கட்டையை ஒட்டி. கூடை உருண்டு போனது. நான் பார்த்தேன். இருட்டு, தூரம், சரியாகத் தெரியவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பார்த்தேன். கிழக்கே நின்ற பெண்கள் கத்தினார்கள், அவர்களாலும் சாலைக்குள் வர முடியவில்லை. என் உடம்பு முழுக்கக் கீழே ஓடு, ஓடு என்றது. ஆனால் ஓடினால் அந்த அதிர்வில் டிரைபாடு ஆடிவிடும், படிக்கட்டு மாடிக்கு ஓரமாகப் போட்ட தகரப் படி, இன்னும் இருபது விநாடிதானே, இதுதான் அந்தப் படம், இதை யாரும் மறுக்க முடியாது என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை நான் கேட்டேன். ஷட்டர் மூடுகிற சத்தம் வந்த பிறகுதான் இறங்கினேன்.

அதற்குள் அந்தப் பெண்களில் இரண்டு பேர் கூடையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே சாலையில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அதே ஆட்டோவில் நானும் போனேன். வழி முழுக்க அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். முட்டியில் எலும்பு முறிவு, உள்ளே தகடு வைத்தார்கள். இரண்டாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “படம் புடிச்சியா?” என்பதுதான். இல்லக்கா, நீங்க விழுந்ததும் ஓடி வந்துட்டேன் என்றேன். “அடப்பாவி, புடிச்சிருக்கலாமே” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

மூன்று வாரம் அந்தப் படத்தை நான் திறக்கவே இல்லை. ஒரு நாள் கடையைச் சாத்திக்கொண்டு திறந்தேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். அப்படிச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஆனாலும் அது உண்மை. அக்கா விழுந்தபின் எழ முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்ததால் துல்லியமாகத் தெரிகிறார். முகம்கூடத் தெரிகிறது. அவருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடுகள் நேராக வந்து, அவர் கிடக்கிற இடத்தில் மட்டும் வெளியே வளைந்து, தாண்டியதும் பழையபடி நேராகப் போகின்றன. பன்னிரண்டு கோடு. ஒதுங்கிப் போயிருக்கிறார்கள், அப்படியென்றால் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோடுகூட நடுவில் அறுபடவில்லை.

அதைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மீன் விற்கப் போவது நின்றுவிட்டது, இனிமேல் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படத்தைக் கையில் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்றேன். வளைந்த கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். “ஒருத்தனும் நிக்கல” என்றார். பிறகு படத்தைத் திருப்பி என்னிடமே நீட்டி, “கொண்டுபோயி குடு” என்றார்.

“வேணாம்க்கா.”

“எதுக்கு வேணாம்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைப் பார்க்கிற எவனும் எடுத்தவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றுதான் கேட்பான் என்றேன். அக்கா படத்தை என் கையில் திணித்தார். “கேக்கட்டுமே. உன் வெக்கத்த உன் வூட்ல வெச்சிக்க. எனுக்கு ரோடு வோணும். நானும் வரேன், ஆட்டோ கூப்டு” என்றார்.

இப்போது அந்த இடத்தில் கட்டைகள் இல்லை. ஆறேழு மாதம் இழுத்தடித்துவிட்டு எடுத்தார்கள். இரண்டு இரும்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள், ஒரு மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, சில நாள் எரிவதே இல்லை. சிக்னல் வரும் என்கிறார்கள். தடுப்பைப் பார்த்ததும் கார்கள் வேகம் குறைக்கின்றன, தாண்டியதும் விட்டதைப் பிடிக்கப் பறக்கின்றன. போன ஞாயிறு போயிருந்தேன். பெண்கள் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டார்கள். நான் கேமரா எடுத்துப் போகவில்லை, வாட்சைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இவ்வளவுக்கும் ஒரு முட்டி போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த அலுவலகத்தின் மேல் வருகிற கோபம் பாதி வழியிலேயே என் பக்கம் திரும்பிவிடுகிறது, அதுதான் பேஜாரு.

அந்தக் கடைசிப் படத்தைக் கொடுத்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதே அதிகாரி, அதே நாற்காலி, பின்னால் அதே சட்டம் போட்ட படம். அக்கா கைத்தடியை ஊன்றிக் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி புதிய படத்தை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்தார். இந்த முறை நான் எதுவும் விளக்கவில்லை. விளக்கத் தேவையே இல்லை, முதல் முறை நான் கற்றுக்கொடுத்ததை அவர் மறந்திருக்கவில்லை. வளைந்த கோடுகளில் விரலை ஓட்டினார். விரல் அக்காவிடம் வந்து நின்றது. முகம் மாறியது. “இவ்வளவு ஷார்ப்பா விழுந்திருக்காங்கன்னா, எழுந்திருக்க முடியாம அப்படியே கிடந்திருக்காங்க, இல்லையா? எத்தனை செகண்டு?” என்றார். முப்பது என்றேன். படத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“அந்த முப்பது செகண்டும் நீங்க எங்க இருந்தீங்க?”

அக்கா பெஞ்சிலிருந்து தடியை ஊன்றி எழுந்தார், எழ நேரமானது, நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மேசை வரைக்கும் நடந்து வந்து, படத்தின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“அவுரு எங்க இருந்தா உங்களுக்கு இன்னா சார்? நான் எங்க கெடக்கறேன், அத்த பாருங்க.”